கிணற்றுப் புள்ளிக்கு உறுதி எழுதுதல்: ‘புதிய இனம்’ என்றால் என்ன?

வாளித் தண்ணீரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சில வேளை மணல் துணிக்கை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி விட்டுவிட்டுத் துள்ளும். “கிணத்திலை பூச்சி பிடிச்சிட்டுது” என்று சொல்லிக் குளோரின் தேடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் புள்ளி பூச்சி இல்லை. அது இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. இறால், நண்டு, சிங்கி இறால் எல்லாம் அடங்கிய கூட்டத்தைக் கிரஸ்டேசியா என்பார்கள். அந்தக் கூட்டத்தின் மிகச் சிறிய உறுப்பினர்கள் நிலத்தடி நீரிலும் வாழ்கின்றன. கண்ணில்லாமல், நிறமில்லாமல், அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த உடலோடு வாழ்பவை அவற்றில் பல.

“நிலத்தடி நீரில் புதிய இனம் கண்டுபிடிப்பு” என்று செய்தி வந்தால் வாசிப்பவர்கள் அதை மூன்று விதமாகப் பிழையாக எடுத்துக்கொள்கிறார்கள். அண்மையில் உருவாகிய விலங்கு என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். உரத்தாலோ கழிவாலோ ஏதோ மாறிப் பிறந்துவிட்டது என்ற பயமும் இதோடு சேர்ந்தே வரும். நேற்றுவரை எந்த மனிதக் கண்ணும் காணாத ஒன்று என்பது இரண்டாவது. கண்டவர் அந்தக் கணமே புதிதென்று அறிந்துவிட்டார் என்பது மூன்றாவது. மூன்றும் சரியில்லை. ‘புதிது’ என்ற சொல் விலங்கின் வயதைச் சொல்லவில்லை, மனிதர் வைத்திருக்கும் பதிவேட்டின் நிலையைச் சொல்கிறது. ஒல்லாந்தர் தோம்பு என்ற காணிப் பதிவேட்டை எழுதும் முன்பும் காணிகள் இருந்தன, வேலிகள் இருந்தன, உழுதவர்களும் இருந்தார்கள். தோம்பில் ஏறிய நாளில் அந்தக் காணி பிறக்கவில்லை.

இந்தப் பதிவு எப்படி நடக்கிறது என்பதைக் கிணற்றடியிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

## மாம்பழமும் இறாலும்

முதலில் ‘இனம்’ என்ற சொல். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான் ஆகியவற்றைச் சுவையிலும் தோலிலும் பிரித்தறிய எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். இருந்தும் நான்கும் ஒரே இனம். ஒன்றின் மகரந்தம் மற்றதன் பூவில் விழுந்தால் காய்க்கும், அந்தக் கொட்டையும் முளைக்கும். அவை வகைகள் மட்டுமே.

சந்தையில் ஒரே குவியலில் கிடக்கும் வெள்ளை இறாலும் வரி இறாலும் அப்படியல்ல. இரண்டும் ஒரே கடலில் பக்கம் பக்கமாக வாழ்ந்தாலும் கலந்து வழித்தோன்றல் விடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தனித்தனிக் கோட்டில் போகின்றன. இப்படித் தனிக்கோட்டில் போகும் உயிர்க்கூட்டமே இனம். நெருங்கிய இனங்கள் பலவற்றைச் சேர்த்த தொகுதி சாதி. பாடநூலில் வரும் சொல் அதுவே.

சிக்கல் இங்கேதான் வருகிறது. 0.4 மில்லிமீற்றர் நீளமான, இருட்டுக்குள் வாழும் விலங்கு எதனோடு கூடுகிறது என்று எவரும் காத்திருந்து பார்க்க முடியாது. ஆகவே உடலின் அமைப்பையும் மரபணுவையும் வைத்து, “இவை தனிக்கோட்டில் போகின்றன” என்று ஊகிக்கிறோம். ஒவ்வொரு இனப் பெயருக்குப் பின்னாலும் இருப்பது இத்தகைய ஒரு கருதுகோள். சான்று வலுத்தால் நிலைக்கும், எதிர்ச்சான்று வந்தால் விழும்.

## காலடியில் இருக்கும் வீடு

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடுகிறது. குடிக்கவும் தோட்டத்துக்கும் நாம் நம்பியிருப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரை. இந்தச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது. அந்தக் காலம் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துச் சிறிது அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லின் வெடிப்புகளை அரிக்க, மயிரிழை வெடிப்பு காலப்போக்கில் விரல் நுழையும் ஓட்டையாகி, சில இடங்களில் ஆள் இறங்கும் குகையாகவும் ஆகிறது.

வடமராட்சி கிழக்கின் மணல் வேறு விதமான வீடு. ஒரு கடகம் நிறையத் தேசிக்காய் கொட்டிவையுங்கள். கடகம் நிறைந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். எறும்புக்கோ காய்களுக்கு இடையில் தெருவெல்லாம் திறந்திருக்கும். மணல் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள நீர் நிறைந்த தெருக்கள் இந்த விலங்குகளுக்கு அப்படித்தான். அவற்றின் உடல் புழுவைப்போல நீண்டு ஒடுங்கியிருப்பதும் இதனால்தான்.

இந்த வீட்டின் அடித்தளம் உப்புநீர். நன்னீர் அடர்த்தி குறைந்தது, ஆகவே கீழே உள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. நடைமுறையில் இரண்டும் கலக்கும் ஒரு தடித்த இடைப்படை உண்டு. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. உப்புத்தன்மை மாறும் இடத்தில் வாழும் விலங்குகளும் மாறலாம். எந்த ஆழத்தில் பிடித்தது என்று குறிக்காத மாதிரி பாதி மாதிரிதான்.

இருட்டில் பாசி வளராது. மேலிருந்து கசியும் உக்கலும், கல்லிலும் மணலிலும் படலமாகப் படியும் பற்றீரியாவுமே அங்கே சாப்பாடு, அதுவும் கொஞ்சம். ஆகவே இவை மெதுவாக வளர்கின்றன, மெதுவாக அசைகின்றன, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு முட்டைகளே இடுபவையும் உண்டு. கண்ணும் நிறமும் பயனில்லாமல் போய் மறைந்துவிட்டன. நிலத்தடி நீரிலேயே முழு வாழ்வையும் கழிக்கும் இத்தகைய விலங்கை இனி ‘நிலத்தடிநீர் வாழி’ என்போம்.

இவற்றின் முன்னோர் இருட்டுக்குள் வந்த வழிகள் இரண்டு. மேற்பரப்பு நன்னீரிலிருந்து மணலுக்குள் இறங்கியவை ஒரு சாரார். கடல் பின்வாங்கியபோது கரையோர வெடிப்புகளில் அகப்பட்டு, நீர் மெல்ல மெல்ல நன்னீரானபோது அதற்குப் பழகியவை மற்றவை. கடலில் படிந்து, பின் கடலுக்கு மேல் வந்த எங்கள் சுண்ணக்கல்லில் இரண்டு வழியாகவும் வந்தவற்றைத் தேடிப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இனம் என்பது தனிக்கோட்டில் போகும் கூட்டம் பற்றிய ஒரு கருதுகோள். ‘புதிய’ என்றால் பதிவேட்டில் இதுவரை ஏறாதது. சுண்ணக்கல் வெடிப்பும் மணல் இடைவெளியும் நிலத்தடிநீர் வாழிகளின் வீடு.

## வலையில் யார் வருவார்கள்

பெரும்பாலும் வருபவை கோபிபொடுகள். ஒரு நீண்ட அரிசி மணியை மிகவும் சிறிதாக்கி, முன்னால் இரண்டு உணர்கொம்பும் பின்னால் இரண்டாகப் பிரிந்த வாலும் வைத்தால் அதன் வடிவம். உலகில் நன்னீரிலிருந்து பெயரிடப்பட்ட கோபிபொடு இனங்கள் மட்டும் 2,800 அளவில் என்று 2008 இல் கணக்கிட்டார்கள். அவற்றில் ஹார்ப்பாக்டிக்கொய்டுகள் ஊர்பவை, சைக்கிளொப்பொய்டுகள் நீந்துபவை. ‘பராஸ்டெனோகாரிஸ்’ என்ற மெல்லிய ஹார்ப்பாக்டிக்கொய்டும் அதன் உறவுகளும் மணல் நீரின் அசல் குடிகள். 1970 இல் எங்கெல் என்ற ஆய்வாளர் இந்தக் குடும்பத்தின் விலங்குகளை இலங்கையிலிருந்து விவரித்திருக்கிறார்.

அடுத்தவை பாதினெல்லிடுகள். புழு போன்ற உடல், முதுகோடு இல்லை, கண் இல்லை. இந்தக் கூட்டத்தின் முதல் விலங்கு 1882 இல் விவரிக்கப்பட்டது, பிராக் நகரக் கிணற்றிலிருந்து. அகன்ற கடல்கூட அல்ல, ஊர்க் கிணறு! எங்களுக்கு அருகே ஆந்திராவில், ஆச்சார்யா நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ரங்கா ரெட்டி ஆற்று மணலிலிருந்தும் குழாய்க்கிணறுகளிலிருந்தும் பல பாதினெல்லிடுகளையும் கோபிபொடுகளையும் விவரித்தார். அவற்றில் சில மடகஸ்காரில் முதலில் அறியப்பட்ட ‘ஹப்ரோபாதினெல்லா’ சாதியைச் சேர்ந்தவை. இந்தியாவும் மடகஸ்காரும் ஒரே நிலத்துண்டாக இருந்த காலத்தின் தடயம் ஒரு மில்லிமீற்றர் விலங்கில் இருக்கிறது. இரண்டு சுண்ண ஓடுகளுக்குள் மூடிக்கொள்ளும் ஒஸ்ட்ரகொடுகளும், பக்கவாட்டில் தட்டையான அம்பிபொடுகளும் வரலாம்.

கிணற்றில் அகப்படும் எல்லாமே நிலத்தடிநீர் வாழிகள் ஆகா. வாய் திறந்த கிணற்றில் வெளிச்சம் விழும், பாசி பிடிக்கும், குளத்தில் நீந்தும் சைக்கிளொப்பொய்டான சைக்கிளொப்சும் குடியேறும். விரைவாகப் பிரித்தறிய ஒரு வழி உண்டு: நெற்றி நடுவே சிவப்பு அல்லது கறுப்புப் பொட்டுப் போல ஒற்றைக் கண் தெரிந்து, துள்ளித் துள்ளி நீந்தினால் அது மேற்பரப்புக்காரன். பொட்டில்லாமல், வெண்மையாக, அடியோடு ஊர்ந்தால் மேலும் பார்க்கத் தகுந்தது.

## பூவல் தோண்டத் தெரிந்தால் பாதி வேலை தெரியும்

தீவுகளிலும் கரையோரத்திலும் மணலில் குழி தோண்டி, ஊறும் நீரை அள்ளிக் குடித்த பழக்கத்தைப் பூவல் என்போம். மணல் நீரின் விலங்குகளைப் பிடிக்க ஐரோப்பிய ஆய்வாளர்கள் கையாண்ட கரமான்–ஷாப்புயி முறை ஏறத்தாழ இதுவே. நீர்க்கரையிலிருந்து அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் தள்ளி, நீர் ஊறும்வரை தோண்ட வேண்டும். ஊறிய நீரைக் கலக்கிக் கோப்பையால் அள்ளி, நுண்வலையில் வடிக்க வேண்டும். நீர் மறுபடி ஊற விட்டு மீண்டும் அள்ள வேண்டும். 10 லீற்றர் வாளி ஐந்தாறு தடவை நிரம்பும் அளவுக்காவது வடித்தால்தான் ஓரளவு நம்பலாம்.

வலைக்கண் 50 முதல் 60 மைக்குரோமீற்றர். மனித மயிரின் தடிப்பைவிடக் குறைவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சேலைத்துணி சரிவராது. அதன் கண்கள் ஒரே அளவில் இல்லை, நூல் பிசிறில் விலங்கின் கால்கள் சிக்கி முறியும். நைலோன் வலைத்துணியே வேண்டும்.

கிணற்றுக்குக் கூம்பு வடிவ வலை. வாய் 20 முதல் 30 சென்ரிமீற்றர், நுனியில் ஒரு சிறு குப்பி, அமிழ்வதற்கு ஒரு பாரம், மேலே அளவு குறித்த கயிறு. அடிவரை இறக்கி, ஒரு மீற்றர் அளவுக்கு மேலும் கீழும் ஆட்டிச் சேற்றைக் கிளப்பி, பின் மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு தடவை இழுத்து “ஒன்றும் இல்லை” என்று முடிவுகட்டுவது பெரிய பிழை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு துளைக்கிணற்றுக்கு 50 மைக்குரோமீற்றர் வலையால் மூன்று, 150 மைக்குரோமீற்றர் வலையால் மூன்று என ஆறு தடவை இழுப்பது வழமை. பெரிய கண் வலை எதற்கென்றால், அது நீரைத் தள்ளாமல் விரைவாக மேலே வரும், வேகமாக நீந்தும் அம்பிபொடு தப்பாது.

குழாய்க்கிணறு என்றால் இறைக்கும் மெசினின் வெளிக்குழாயில் வலையைப் பிடிக்கலாம். வெளிச்சம் படாத நீர் என்பதால் மேற்பரப்புக்காரர் குறைவு. ஆனால் மெசினின் சுழல்விசிறி உடலைச் சிதைக்கும். வாலோ காலோ இல்லாத ஒன்றிலிருந்து இனம் விவரிக்க முடியாது.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு கிணற்றில் போட்ட வலையைக் கழுவாமல் அடுத்ததில் போட்டால், சுன்னாகத்து விலங்கு அச்சுவேலிக் கிணற்றுப் பெயரில் பதிவாகும். ஒரே ஊரின் வெடிப்புக்குள் மட்டும் வாழக்கூடிய இனங்களுக்கு இடப்பிழை சின்னப் பிழையே அல்ல. வலையை உள்வெளியாகத் திருப்பிச் சுத்தமான நீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த கிணறு. வலை இரண்டு இருந்தால் வேலை தடைப்படாது.

டெங்கு, மலேரியாத் தடுப்புக்காக மீன் விட்ட கிணற்றில் வலை பெரும்பாலும் வெறுமையாகவே வரும். அதை வைத்து அந்த நிலத்தடியில் எதுவும் இல்லை என்று எழுதக்கூடாது. குளோரின் போட்ட கிணற்றுக்கும் இதுதான் நியாயம்.

தேடுவதற்கு முன் கிணற்றுச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். விலங்குகளை ஆய்வுக்காகச் சேகரிக்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் அரச அனுமதிகளும் தேவை. இதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், பின்னர் மாதிரி இருந்தும் வெளியிட முடியாமல் போகும்.

## போத்தலும் பென்சிலும்

செத்த விலங்கு வெக்கையில் சில மணி நேரத்தில் கரையத் தொடங்கும். அதனால் கிணற்றடியிலேயே பதப்படுத்த வேண்டும். மரபணு பார்க்க வேண்டுமென்றால் 95 வீதத்துக்கு மேற்பட்ட எதனோல். மாதிரியோடு வரும் நீர் அதை ஐதாக்கிவிடும் என்பதால், மாதிரியைப்போல மூன்று நான்கு மடங்கு எதனோல் ஊற்றி, அடுத்த நாள் வடித்துப் புதிதாக மாற்ற வேண்டும். வடிவத்தை மட்டும் பார்க்கப் போமலின் நல்லது, தசையும் மூட்டும் உறுதியாக நிற்கும். ஆனால் போமலின் டி.என்.ஏயைக் கெடுக்கும். அதோடு அது மெல்ல மெல்ல அமிலமாகி ஒஸ்ட்ரகொடின் சுண்ண ஓட்டைக் கரைத்துவிடும், அதற்குப் போரக்ஸ் சேர்த்துச் சமப்படுத்துவார்கள். மாதிரியை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் வைப்பது சிறந்தது.

சீட்டுப் போத்தலுக்கு உள்ளே, பென்சிலால். எதனோல் பேனை மையைக் கரைக்கும், வெளியே ஒட்டியது உரிந்துபோகும். சீட்டு அழிந்த போத்தலில் உலக அதிசயமே இருந்தாலும் அதற்கு ஊரில்லை. திகதி, இடம், புவிநிலை எண்கள், கிணற்றின் வகை, நீர்மட்டம், வலை போன ஆழம், வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன், எடுத்தவர் பெயர். மின்கடத்துதிறன் நீரின் உப்பைக் காட்டும் எளிய அளவு. எங்கள் மண்ணில் அதைக் குறிக்காமல் விடுவது கூடாது.

சுருக்கம்: பல தடவை இழு, வலையைக் கழுவு, உடனே பதப்படுத்து, சீட்டை உள்ளே போடு. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் பின்னால் எந்த நுணுக்குக்காட்டியும் அதைத் திருத்தாது.

## காலின் மயிரை எண்ணுதல்

இனி மேசை வேலை. கோடு கீறிய தட்டில் மாதிரியைச் சிறிது சிறிதாக ஊற்றி, 10 முதல் 40 மடங்கு பெருப்பிக்கும் இருகண் நுணுக்குக்காட்டியில் வரிசை வரிசையாகத் தேட வேண்டும். ஒரு கரண்டிச் சேற்றைப் பார்க்க ஒரு மணித்தியாலம் ஆகலாம். விலங்கைக் கவ்வியால் தூக்கினால் நசியும், மெல்லிய கம்பி வளையமோ நுண்குழாயோ வேண்டும்.

முதல் கேள்வி, வளர்ந்ததா குஞ்சா? கோபிபொடு முட்டையிலிருந்து வந்து ஆறு நோப்பிளியசுப் பருவங்களையும், பின் ஐந்து கோபிபொடிட்டுப் பருவங்களையும் கடந்தே முழுவளர்ச்சி அடைகிறது. ஒவ்வொரு தடவையும் தோல் கழற்றும்போது கணுவும் மயிரும் கூடும். குஞ்சின் காலில் மயிர் குறைவு என்று கண்டு அதைப் புதிய இனமாக எழுதிவிடும் ஆபத்து உண்மையானது. ஆணும் பெண்ணும் வேண்டும், ஒவ்வொன்றிலும் சிலதாவது வேண்டும். ஒரு விலங்கில் வலப்பக்கம் ஒரு முள் குறைந்து பிறந்திருக்கலாம். இருபுறமும் பார்த்து, பல விலங்குகளிலும் பார்த்தால்தான் அது இயல்பா குறையா என்று தெரியும்.

தேர்ந்த விலங்கை கிளிசரோல் துளியில் வைத்து, நுனி கூராக்கிய தங்குதன் ஊசி இரண்டால் பகுதி பகுதியாகப் பிரிக்கிறார்கள். ஒரு ஊசி உடலை அழுத்திப் பிடிக்கும், மற்றது கால்சோடியை அடிக்கணுவோடு கழற்றும். ஒவ்வொரு சோடியும் கண்ணாடி வழுக்கியில் தனித்துளியில், மூடித்துண்டின் கீழ். மூடித்துண்டைச் சட்டென்று போட்டால் கால் நசிந்து கணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். துளியின் ஓரத்தில் சிறு கண்ணாடித் துணுக்குகளைத் தாங்கியாக வைப்பது இதற்காகவே. கடைசியில் விளிம்பை நகப்பூச்சால் மூடினாலும் பல காலம் நிற்கும்.

அடுத்தது 400 முதல் 1,000 மடங்குப் பெருப்பத்தில் எண்ணுவதும் வரைவதும். நீந்துகால் ஒவ்வொன்றுக்கும் உட்கிளை, வெளிக்கிளை என்று இரண்டு கிளைகள். எத்தனை கணு, எந்தக் கணுவில் எத்தனை முள், எத்தனை மயிர்? சைக்கிளொப்பொய்டுகளில் முதல் நான்கு நீந்துகால்களின் வெளிக்கிளை நுனிக்கணுவில் உள்ள முட்களை 2, 3, 3, 3 அல்லது 3, 4, 4, 4 என்று ஒரு சூத்திரமாக எழுதுவார்கள். சிறுத்துப்போன ஐந்தாம் காலின் வடிவம் பல சாதிகளைப் பிரிக்கும். பராஸ்டெனோகாரிசு ஆணின் மூன்றாம் கால் நீந்துவதற்கில்லை, பெண்ணைப் பற்றிப்பிடிக்கும் குறடாக மாறியிருக்கிறது. பூட்டுக்கேற்ற திறப்பைப்போல அதன் வளைவும் பல்லும் இனத்துக்கு இனம் வேறுபடும். அதனால்தான் ஆண் அகப்படாத மாதிரியைக் கண்டு நிபுணர்கள் மனம் சோர்வார்கள்.

முள் ஒடிந்து விழுந்தாலும் அது நின்ற குழி தெரியும். இல்லாத முள்ளையும் ஒடிந்த முள்ளையும் வேறாக்கிக் காட்டுவது நல்ல வரைஞரின் அடையாளம். ஒளிப்படம் இருக்க ஏன் கையால் வரைகிறார்கள் என்று கேட்பதுண்டு. இந்தப் பெருப்பத்தில் ஒளிப்படம் ஒரு மெல்லிய தளத்தை மட்டும் தெளிவாகக் காட்டும். வரைபவர் குவியத்தை மேலும் கீழும் மாற்றி, பல தளங்களில் கண்டதை ஒரே கோட்டுப்படத்தில் சேர்க்கிறார்.

மரபணு இந்த வேலைக்குத் துணை. இழைமணியில் உள்ள ‘கொக்ஸ் 1’ என்ற மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்து நீளமான துண்டை வாசித்து ஒப்பிடுவது வழமை. கண்ணுக்கு ஒரேபோலத் தெரிந்தும் மரபணுவில் வெகுதூரம் பிரிந்திருக்கும் மறைவினங்கள் நிலத்தடி நீரில் அதிகம், இருட்டு எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கிறது என்பதால். எத்தனை வீதம் வேறுபட்டால் வேறு இனம் என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. உடலைச் சிதைக்காமல் கரைசலில் ஊறவைத்து டி.என்.ஏ. எடுத்து, மிஞ்சும் ஓட்டை வழுக்கியில் ஏற்றும் முறை இருக்கிறது. ஒன்றிரண்டு விலங்குகளே கையில் உள்ளபோது அதுவே வழி.

## உறுதி எழுதுதல்

இப்போதுதான் ‘புதிது’ என்ற சொல்லுக்கு வருகிறோம்.

காணி உறுதியில் காணியை எப்படி எழுதுகிறார்கள்? கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் பனந்தோப்பு. அயலைச் சொல்லித்தான் காணி நிலைபெறுகிறது. இன விவரிப்பின் உயிரும் அதேபோல அயலில் இருக்கிறது. “இதன் உடல் நீண்டது, கண் இல்லை” என்று எழுதுவது, “காணியில் மண் உண்டு” என்று எழுதுவதற்குச் சமம். ஆயிரம் இனங்களுக்கு அது பொருந்தும். நெருங்கிய இனங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் எந்த முள்ளில், எந்தக் கணுவில் வேறுபடுகிறது என்று சொன்னால்தான் எல்லை விழுந்ததாகும். 1930 க்குப் பின் வெளியான விலங்குப் பெயருக்கு இப்படி வேறுபடுத்தும் விவரிப்பு கட்டாயம் என்று விலங்குப் பெயரிடல் சட்டக்கோவையே சொல்கிறது.

இதற்காக அந்தச் சாதியில் இதுவரை எழுதப்பட்ட எல்லா விவரிப்புகளையும் தேடி வாசிக்க வேண்டும். பழையவை ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ இருக்கலாம், படம் இரண்டே இரண்டு இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கோபிபொடுக்கு அயல் இலங்கையின் தென்பகுதியும் தமிழ்நாடும் ஆந்திராவும் மட்டுமல்ல, மடகஸ்காரும் ஆகலாம். பழைய படத்தில் சந்தேகம் வந்தால், அந்த இனத்தின் மூல மாதிரியை அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டில்தான் ஆண்டுகள் போகின்றன. ஒரு மாதிரி முதலில் சேகரிக்கப்பட்டதற்கும் புதிய இனமாக விவரிக்கப்படுவதற்கும் இடையில் சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று 2012 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அது எல்லா உயிரினங்களுக்கும் பொதுவான கணக்கு. “நேற்றுக் கண்டார்கள், இன்று புதிது என்றார்கள்” என்பது எவ்வளவு தூரம் பிழை என்று இதில் தெரியும்.

எல்லைக்கல் இல்லாத உறுதி நிற்காது. இனத்தின் எல்லைக்கல் ஹோலோரைப்பு, அதாவது பெயர் நிரந்தரமாகக் கட்டப்பட்ட ஒரே ஒரு மாதிரி. பிற்காலத்தில் “இது இரண்டு இனங்களின் கலவை” என்று தெரியவந்தால், பழைய பெயர் ஹோலோரைப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கே போகும். 1999 க்குப் பின் வெளியான இனங்களுக்கு இந்தப் பெயர்தாங்கி மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அதோடு வரும் மற்ற மாதிரிகள் பாரரைப்புகள். ஹோலோரைப்பு கிடைத்த இடம் மூல இடம். ஆகவே ஒரு கிணறு அழியாப் புகழ் பெறலாம், பாதினெல்லிடுகளுக்குப் பிராக் கிணறு போல.

ஹோலோரைப்பை ஆய்வாளரின் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளக் கூடாது. மேசை மாறும், ஆள் மாறுவார், வழுக்கி உடையும். நூறு வருடம் கழித்து வேறொருவர் கேட்டால் எடுத்துக் கொடுக்கக்கூடிய நிறுவனத்தில் அது இருக்க வேண்டும்.

பெயர் இரண்டு சொல், முதலாவது சாதி, இரண்டாவது இனம். லின்னேயசின் 1758 நூலிலிருந்தே விலங்குப் பெயர்களின் முந்துரிமை எண்ணப்படுகிறது. ஒரே இனத்துக்கு இருவர் பெயர் வைத்தால், பொதுவாக முந்தியதே நிற்கும், பிந்தியது இணைப்பெயராகும். ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதியதைப்போல. பெயர் இலத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரோடு ‘என்சிஸ்’ சேர்க்கலாம், ஆணைச் சிறப்பிக்க ‘இ’ ஈறு, பெண்ணைச் சிறப்பிக்க ‘ஏ’ ஈறு. தன் பெயரையே வைப்பது சட்டப்படி தடையில்லாவிட்டாலும் மதிப்புள்ள எவரும் செய்வதில்லை. தமிழ்ச் சொற்களும் பெயராகலாம். ஊற்று என்ற சொல்லைத் தாங்கிய ஒரு பராஸ்டெனோகாரிசை எண்ணிப் பாருங்கள்! விவரிப்பை எந்த மொழியில் எழுத வேண்டும் என்று சட்டக்கோவை கட்டாயப்படுத்தவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. பரவலாக வாசிக்கப்படும் மொழியில் சுருக்கம் தரும்படி பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான்.

கடைசிப் படி வெளியீடு. பத்திரிகைச் செய்தியிலோ முகநூலிலோ வந்த பெயருக்கு இடமில்லை. மின்வடிவில் மட்டும் வெளியாகும் ஆய்விதழ் என்றால், 2011 க்குப் பின் ‘சூபாங்க்’ என்ற பதிவேட்டில் பதிந்து அந்தப் பதிவைக் கட்டுரையிலும் காட்ட வேண்டும். அந்த நாளில் இனம் பதிவேட்டில் ஏறுகிறது.

சுருக்கம்: அயலோடு ஒப்பிட்டு எல்லை போடு, ஹோலோரைப்பைப் பொதுச் சேகரிப்பில் வை, விதிப்படி பெயரிடு, வெளியிடு. இவை முடியும்வரை கையில் இருப்பது “புதிதாக இருக்கலாம்” என்ற மாதிரி மட்டுமே.

## அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. நிலத்தடிநீர் வாழி ஒன்று வந்தது என்பதற்காகக் கிணறு கெட்டுவிடவில்லை. அது பற்றீரியாப் படலத்தை மேய்ந்து வாழும் விலங்கு. தண்ணீர் பாதுகாப்பானதா என்பதைக் கோலிபோம் பற்றீரியாப் பரிசோதனையும் நைத்திரேற்று அளவும்தான் சொல்லும். மலசலகூடக் குழியும் தோட்ட உரமும் கிணற்றுக்கு அருகிலேயே இருக்கும் எங்கள் ஊர்களில் இரண்டும் தேவை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

சைக்கிளொப்சு மேல் பழைய பயம் ஒன்று உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. நரம்புச் சிலந்தி என்ற கினியாப் புழு, படிக்கிணறுகளில் இருந்த மேற்பரப்புச் சைக்கிளொப்சு வழியாகவே மனிதருக்குப் போனது. புழு வெளிவரும் காலோடு ஒருவர் நீரில் இறங்க வேண்டும், அதன் குடம்பியைச் சைக்கிளொப்சு தின்ன வேண்டும், அதை இன்னொருவர் வடிக்காமல் குடிக்க வேண்டும். இந்தச் சங்கிலியை அறுத்து இந்தியா 2000 இல் அந்நோய் அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆள் இறங்காத கட்டுக்கிணற்றில் அந்தச் சங்கிலியே தொடங்காது. மனம் ஒப்பாவிட்டால் துணியில் வடித்துக் கொதிக்க வையுங்கள்.

## கிணறு இறைக்கும் நாள்

கோடையில் நீர் வற்றும்போது கிணறு கலக்கி இறைத்துச் சேறு வாருவது எங்கள் வழக்கம். தேடுபவருக்கு வருடத்தில் இதைவிட நல்ல நாள் கிடைக்காது. மெசின் போடும் முன் வலையை ஆறு தடவை இழுத்து ஒரு போத்தல். நீர் முழங்காலுக்கு வந்ததும் அடிச்சேற்றில் ஒரு கோப்பை அள்ளி, நீரில் கலக்கி, கனமான மண் அடியில் தங்க மேல்நீரை வலையில் வடித்து இரண்டாவது போத்தல். கடைசியாக, கிணறு வெறுமையாகி ஊற்றுக்கண்ணில் புதுநீர் கசியத் தொடங்கும் அந்த நேரம். வலையை ஊற்றுக்கண்ணின் வாயிலேயே சாய்த்துப் பிடித்து, கிணறு மறுபடி நிறையும்வரை, குறைந்தது அரை மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். கல்லின் உள்ளிருந்து நேரே வருவது அதில் மட்டும்தான் விழும். அதை மற்ற இரண்டோடும் கலக்காமல் மூன்றாவது போத்தலில் விட்டு, சீட்டில் பென்சிலால் எழுதுங்கள்: ஊற்றுக்கண், எந்தப் பக்கம், அடியிலிருந்து எத்தனை சாண், எத்தனை மணிக்கு.